விட்டுவிட்டு வாசி, கயல்

அன்புள்ள கயலுக்கு,

ஸ்காட்லாந்து பிடில் வகுப்பை நிறுத்திவிடலாமா என்று எழுதியிருந்தாய். ரீல் என்கிற அந்த வேகமான ஆட்ட மெட்டு ஆரம்பித்ததும் எல்லாரும் ஓடிவிடுகிறார்கள், நீ பாதியில் தொலைந்து போகிறாய், சின்ன வயதில் கற்ற கர்நாடக வயலின் எதுவும் உதவவில்லை. கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எடின்பரோ வந்திருந்தபோது உன் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தேனே. ஆசிரியை ஒரு துண்டு வாசித்தார், கூட்டமே திருப்பி வாசித்தது, எல்லார் கையிலும் ஏறும்வரை அதே துண்டு. நோட்டேஷன் தாள் கடைசியில்தான் வந்தது. நீ வர்ணம் கற்றதும் இப்படித்தான். காதில் உனக்குக் குறையே இல்லை, இடறுவது விரல்தான். அதுவும் எங்கே என்று கவனித்தேன், நடுவில் இருக்கும் இரண்டு தந்திகளுக்கு இடையே. நம் சுருதியில் தந்திகள் ஸ-ப-ஸ-ப. கீழ்ப் பஞ்சமத் தந்தியில் த, நி என்று இரண்டு விரல் வைத்தால் போதும், அடுத்த தந்தியில் சட்ஜம் காத்திருக்கும். ஸ்காட்லாந்து பிடிலில் நாலு தந்தியும் ஒரே இடைவெளியில் ஏறுகின்றன, அதனால் மூன்றாவது விரலையும் வைத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். உன் கை ஒரு விரல் முன்னாடியே தாண்டிவிடுகிறது. தினமும் அந்த ஓரிடத்தை மட்டும் மெதுவாக வாசி, சரியாகிவிடும்.

அப்புறம், எல்லாச் சுரத்தையும் வாசித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம். அது என்னிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். கச்சேரி மேடையில் சுரம் விட்டால் தப்பு. ரீல் ஆடுவதற்கான இசை, அதில் தாளம் விட்டால்தான் தப்பு. எட்டு பார் (அவர்களுடைய தாளக் கட்டம்) இரண்டு தடவை, அடுத்த எட்டு இரண்டு தடவை, 32 பாரில் ஒரு சுற்று, உடனே மறுபடி முதலிலிருந்து. முதல் சுற்றில் தவறவிட்டதை அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாரிலும் முதல் சுரத்தை மட்டும் போடு, மிச்சத்தை மற்றவர்கள் நிரப்புவார்கள். உன் பக்கத்தில் இருந்த பெரியவர் பாதிச் சுரம்கூட வாசிக்கவில்லை, ஆனால் அவர் கால் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. (நீ அவரைப் பார்க்கவே இல்லை, உன் விரலையே முறைத்துக்கொண்டிருந்தாய்.)

ரீலைவிட நிதானமான ஆட்ட மெட்டான ஸ்ட்ராத்ஸ்பே வேறு கதை. அதில் குட்டிச் சுரத்தை வெடுக்கென்று போட்டு நெடியதில் இறங்க வேண்டும். நீ இரண்டையும் சமமாக வாசிப்பதால் வர்ணத்தின் மெதுவான முதல் காலம் மாதிரிக் கேட்கிறது. நாம் ஒரே வில்லில் நாலைந்து சுரத்தை இழைத்துப் பழகியவர்கள். அங்கே வில்தான் பேச வேண்டும். போர்ட்ரெய்ட் கேலரி ஓவியத்தில் கட்டம் போட்ட கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தாரே ஸ்காட்லாந்து பிடில்காரர் நீல் கௌ, 1727-இல் பிறந்தவர், அவர் பேர் வாங்கியதே மேல்வில்லின் (வில்லை நுனியிலிருந்து மேலே தள்ளும் வீச்சின்) பலத்தால்தான். நம்மில் பலருக்கு மேல்வில் இளைத்துவிடும், எனக்கும்தான். கண்ணாடி முன்னால் நின்று மேல்வில்லிலேயே தொடங்கிப் பழகிப் பார். சுரத்தை அசைக்கிற நம் கமகத்தை ஆசிரியை கேட்டால் மட்டும் வெளியே எடு.

மெதுவாக வாசிக்கிறவர்களுக்கென்று தனிக் கூடுகை உண்டு என்று ஆசிரியை சொன்னாரே, அதற்கும் போ. போனில் பதிவு செய்து அனுப்பு, அப்பாவும் கேட்கட்டும். ஹீட்டர் பக்கத்தில் பிடிலை வைக்காதே, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும்.

அன்புடன்
அம்மா