அக்காவுக்கு, மண்டபம் பார்த்துவிட்டு வந்த இரவில்

அக்கா,

ஃபோனில் ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ பேச்சை மாற்றுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாப்பா காதுகுத்துக்கு மண்டபம் பார்க்கப் போயிருந்தேன். முதல் மாடி. படிகளை எண்ணினேன், இருபத்திரண்டு. எண்ணி முடிப்பதற்குள் என் கல்யாண நாள் வந்து நின்றுவிட்டது.

நாலு பேர் உன்னை வீல்சேரோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். புடவைக் கொசுவம் கால்மிதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்திருந்தாய், நாற்காலியைப் பிடிக்கக் கை இல்லை. திருப்பத்தில் வண்டி சாய்ந்தது. “பாத்து, பாத்து” என்றார்கள், உன்னிடம் இல்லை, ஒருத்தருக்கொருத்தர். வீடியோக்காரர் உன் முகத்தில் விளக்கை அடித்தபடியே பின்னால் ஏறினார். மேலே வந்ததும் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். நான் மாலையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். வீடியோவில் இருக்கிறது.

காலையிலிருந்து நீ ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்று மூன்று நாள் கழித்து அம்மா சொன்னாள். அங்கே பாத்ரூமுக்குள் வண்டி நுழையாது.

அந்த மண்டபத்தைப் பிடித்தது நான் இல்லை. “அஞ்சு நிமிஷம் தூக்கினா ஆச்சு” என்றது யார் என்பதை இங்கே எழுத மாட்டேன், சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். அது 2015, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்ததே 2016-ல்தானே என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். 1995-லேயே ஒன்று இருந்ததே என்று சிரிப்பாய். சரி. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மன்னித்துவிடு.

ஆனால் நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வளைகாப்பு, பாப்பாவுக்குப் பெயர் வைத்தது, சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் “லீவு இல்லடி”. “அக்கா வரலையா?” என்று பந்திக்குப் பந்தி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது நான். நீயோ படிக்கட்டுகளைப் பற்றி ஊருக்கே எழுதுகிறாய், என்னிடம் மட்டும் லீவு இல்லை.

ஒரே ஒரு தடவை நீயாகக் கூப்பிட்டாய். 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் மரப்பாதை திறந்தபோது. “வாடி, அலை கிட்ட வரைக்கும் வண்டி போகுதாம்.” பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். சளிதான். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையை உடைத்துப் போட்டது. அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

இப்போது வேறு மண்டபம் பார்த்திருக்கிறேன், தரைத்தளம். வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம். ஓரடிக்குப் பன்னிரண்டடி என்று நீ எழுதிய கணக்குப்படி பதினெட்டடிச் சரிவு வேண்டும். மேனேஜர் சிலிண்டர் உருட்டும் நாலடித் தகரத்தைக் காட்டி “ரேம்ப் இருக்கு மேடம்” என்றார். சமையல்கட்டுப் பக்கம் நல்ல சரிவு இருக்கிறது. பின்வாசல் வழியாக நீ வர மாட்டாய், நானும் கேட்க மாட்டேன். மரப்பலகையில் முன்வாசலுக்கே அடிக்க ஆசாரியிடம் சொல்லிவிட்டேன்.

பாத்ரூம் கதவை டேப் வைத்து அளந்தேன், இருபத்தேழு அங்குலம். உன் வண்டி எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. அளந்து சொல்கிறாயா?