முதலில் வெறும் முகம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சின்னவளுக்கு வேலை கிடைத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். தொட்டிலில் பார்த்த பிள்ளை! அவளுக்கு என் ஆசி. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறேன்.

கடைசியில் முகத்துக்கு வாங்கி வைத்த ஏழு பொருட்களின் பெயரை எழுதி, எதன்மேல் எதைப் பூசுவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு யோசித்துப் பதில் எழுதத்தான் இத்தனை நாள். வரிசை இருக்கட்டும்டி. ஒரு நாள் காலை மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, ஒன்றுமே பூசாமல் ஒரு மணி நேரம் இரு. கன்னம் இழுக்கிறதா? நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெய் வழிகிறதா? எங்காவது எரிகிறதா? உன் முகத்துக்கு என்ன வேண்டும் என்பது அப்போது பாதி தெரிந்துவிடும்.

போன வருடம் நான் அப்படிப் பார்க்கவில்லை. காலையில் விட்டமின் சி சீரம், இரவில் இறந்த செல்களை உரித்தெடுக்கும் கிளைகாலிக் ஆசிட், அதன்மேலேயே விட்டமின் ஏ வகையான ரெட்டினால். மூன்றாவது வாரம் வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. முகம் பளபளத்ததை எண்ணெய் என்று நினைத்து இன்னும் அடிக்கடி கழுவினேன். தோல் டாக்டர்தான் புரியவைத்தார். மேல்தோலின் செல்கள் செங்கல் என்றால், அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள்தான் சாந்து. நான் நாள்தோறும் சுரண்டியது அந்தச் சாந்தை. தோலின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 5-ஐ ஒட்டி இருக்கும், லேசான அமிலம். சாதாரண சோப்பு காரம், 9, 10 வரை போகும். அதனால்தான் சோப்புப் போட்டதும் முகம் இறுகுகிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். எரிச்சல் அடங்க ஒன்றரை மாதம் ஆயிற்று.

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய 4 வாரம் பிடிக்கும், நம் வயதில் இன்னும் கூட. ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று அடுத்த பாட்டிலுக்குத் தாவாதே. உன் ஏழில் ஒன்றை மட்டும் எடு. முழங்கையின் உட்புறம் நாலைந்து நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போ. நீ சொன்ன கன்னத்துக் கரும்புள்ளிகளுக்கு விட்டமின் பி3 வகையான நியாசினமைடில் தொடங்கலாம், அது பெரும்பாலும் சாது. ரெட்டினாலுக்கு அவசரமில்லை. வாரம் இரண்டு இரவு போதும்.

சன்ஸ்கிரீனை மட்டும் விடாதே. அது இல்லாமல் புள்ளிக்கு வேறு எதைப் பூசினாலும் வீண் என்றே நான் நினைக்கிறேன். டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப்தான் வெயில் காப்பு எண். எஸ்பிஎஃப் 30 சரியாகப் பூசினால், தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி கதிர்களில் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் நாம் பூசுகிற பொட்டளவு காணாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளத்துக்குப் பிதுக்கி எடு, முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நீ, வெயிலின் இன்னொரு கதிரான யுவிஏ கண்ணாடியைத் தாண்டி வரும். வெயிலில் நின்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசு.

உன் பட்டியலில் ஏழாவதாக இருந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத, ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்த அந்த கிரீம். இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருப்பதுண்டு. ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து, ரத்தநாளங்கள் தெரியும்படி சிவக்க வைத்துவிடும். நிறுத்தினால் அந்தச் சிவப்பு ஒரேயடியாகக் கிளம்பும். பாதரசமோ சிறுநீரகத்தையே பாதிக்கும். எத்தனை மாதமாகப் பூசுகிறாய் என்று நீ எழுதவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் டாக்டரைப் பார். உன் நிறத்துக்கு என்ன குறைச்சல் மாலதி? பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார நான் சண்டை போட்டது இந்த முகத்துக்காகத்தானே.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஃபோன் செய், கடிதம் வரும்வரை காத்திருக்க மாட்டேன்.

அன்புடன்,
வசந்தி