முன்கண்ணாடி பீடிங் (கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர்) வேலை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டுகிற மழை, நம் குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பலமாக வரும். கண்ணாடி ஒழுகும் வண்டிகளும் அப்போதுதான் பட்டறை வாசலில் வரிசை கட்டும். இந்த வருஷம் கூடவே எங்கள் பட்டறையைப் பற்றி ஒரு பேச்சும் வந்திருக்கிறது. "அங்கே பீடிங் மாற்றினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறதாம்.

அந்தப் பேச்சுக்குக் காரணமான வண்டியை வரவழைத்து, வண்டிக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்த்தோம். ஒருவர் கண்ணாடி மேல் ஓஸ் பிடிக்க, இன்னொருவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். பீடிங் ஓரம் முழுக்க ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் இறங்கியது வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்திலிருந்து. சில்வர் ஓக் இலை மட்கி வடிகால் துளையை அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர், காற்று வரும் வழியாக வண்டிக்குள் கால் வைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தியதும் கருப்பாக வடிந்தது. காசு வாங்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அடைப்பு எடுத்த கதையை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யக் காணோம்.

பழைய ஜீப், பிக்கப், வேன்களில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவதே ரப்பர்தான். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, உள்பள்ளத்தில் கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவுவோம். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால் ரப்பர் விளிம்பு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். அவசரத்துக்கு ரப்பரை நீட்டி மாட்டினால் அன்றைக்குக் கச்சிதமாகத் தெரியும். அப்புறம் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். தகரமே துருப்பிடித்திருந்தால் எந்த ரப்பரும் நிற்காது. "டிங்கரிங் முடித்துவிட்டு வாருங்கள்" என்று நாங்கள் சொல்வது அதனால்தான், வேலையைத் தட்டிக் கழிக்க அல்ல.

புதிய கார்களில் கண்ணாடி நிற்பது பசையில். ஓரத்து ரப்பர் பெரும்பாலும் அழகுக்குத்தான். நம் ஊர்க் குளிரில் பசை இறுக நேரமாகும் என்பதால், அந்த வண்டிகளை இரவு விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். ரப்பர், பசை விலையை ஒட்டிக் கூலியும் கொஞ்சம் மாறியிருக்கிறது. கடையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அந்தச் செய்திக்குக் கீழேயே "என் வண்டி ஒழுகவில்லையே" என்று பதில் போட்ட டாக்சித் தம்பிகளுக்கும், பச்சைத் தேயிலை ஏற்றுகிற வண்டியை அப்படியே நிறுத்தி வந்து விசாரித்த அண்ணன்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களை நம்பித்தான் ஷட்டரைத் திறக்கிறோம்.

எங்களிடம் பீடிங் மாற்றிய வண்டி எதுவானாலும், சந்தேகம் இருந்தால் கொண்டு வாருங்கள். ஓஸ் பிடித்துப் பார்க்கக் காசு கிடையாது. அதற்கு முன் நீங்களாகவே மேலே சிலிக்கான் பூசிவிடாதீர்கள். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பிறகு பெரும்பாடாகிவிடும்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர், குன்னூர்