என் மகனுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்டவள் நான்தான். "மனுவா எழுதிக் குடுங்கம்மா" என்று மைக்கில் சொன்னார்கள். ஒரு வருடமாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அதனால் இதை ஊரறிய எழுதுகிறேன்.

நான் மளிகைக் கடை நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது கடையின் நடப்புக் கணக்கு அவர் ஒருவர் பெயரில் இருந்தது. நாமினி கிடையாது. வாரிசுச் சான்றிதழில் மூன்று பேர்: நான், மகள், மகன். மகனுக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். சீரகம், மிளகு எல்லாம் எடை போட்டுப் பொட்டலம் கட்டுவது அவன்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் கிராம் கணக்கை எழுத அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார்.

வங்கியில் மூவரும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மேலாளர் நல்ல மனிதர். தன் பேனாவையே நீட்டி, "போடு தம்பி" என்றார். என் மகன் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையெழுத்துக் கட்டத்துக்குள் கோடு தாண்டாமல் 50 என்று எழுதினான். எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மேலாளர் கோப்பை மூடிவிட்டார். "கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா."

அங்கே தொடங்கியது அலைச்சல். ஆடிட்டரைக் கேட்டால் அது வக்கீல் விஷயம். வக்கீல், சிவில் கோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்று 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். உதவித்தொகை தரும் அலுவலகத்தில் கடைக் கணக்கெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். ஏழு மாதம் கழித்து, சிறப்புப் பள்ளி வாசலில் இன்னொரு பையனின் அம்மா சொன்னார்: "இதுக்கு ஏங்க கோர்ட்டு? கலெக்டர் தலைமையில கமிட்டி இருக்கு, அங்க குடுங்க." 1999-இலிருந்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள, 18 வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை நியமிப்பது அந்தக் குழுதான். 18 முடிந்ததும் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றோருக்கு இல்லாமல் போய்விடும் என்பதே எட்டு வருடமாக எங்களுக்குத் தெரியாது.

இதற்கிடையில், என் வீட்டுக்காரர் கொடுத்திருந்த காசோலைகள் திரும்பி வர, மொத்த வியாபாரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மூன்று பேருக்கும் தனித்தனியாக, மகனுக்கும் ஒன்று. தன் பெயருக்கு வந்த முதல் தபால் என்று அதைக் கல்லாப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். கடனைக் கேட்கும்போது அவன் முழு ஆள். அவன் பங்கை எடுக்கப் போனால் மட்டும் பேனா பிடிக்கத் தெரியாதவன். அப்பாவின் கடனுக்கு, கைக்கு வந்த அவர் சொத்து அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் வளையலை அடகு வைத்திருக்க மாட்டேன்.

உங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். வருமானச் சான்று கேட்டார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே இல்லை. நாங்கள் இரண்டு வகையிலும் வருகிறோம். இது மளிகைக் கடைக்காரிக்குத் தெரிகிறது, மேசையில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மாதம் ஒரு நாள், ஒரு மேசை. அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவச் சான்று கொடுக்கும் நாளில், அதே வராந்தாவில் போடுங்கள். பிள்ளையின் பாதுகாவலர் மனு, கடைக் கணக்கு, கடன், உயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லத் தெரிந்த ஒரு வக்கீல் உட்காரட்டும். பிள்ளை ஒரு அலுவலகம், கடை ஒரு அலுவலகம் என்று பிரித்துப் பார்க்க எங்களால் முடியாது. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

முகாமுக்குச் செலவில்லையா என்ன? பேனர், பொன்னாடை, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி. ஒன்றே கால் மணி நேரம் வரவேற்புரை. அதில் பத்து நிமிடம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தால்... சரி, விடுங்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இந்த மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர் என்றும் கேள்விப்பட்டேன்.

கலெக்டர் தலைமையிலான அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். என் மனு அங்கே போய் ஐந்து மாதம் ஆகிறது. எப்போது கூடுகிறார்கள் என்று உங்கள் மூலமாகக் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாதம் ஒரு நாள், ஒரு மேசை. தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவமனையில் இடமில்லை என்றால் எங்கள் கடை வாசலில் போட்டுக்கொள்ளலாம். நாற்காலி நான் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்று வாரிசுகளில் ஒருத்தி