குடுத்துரு, குடுத்துராத

ஈரோடு
14.2.2026

மாப்ள சண்முகம்,

நல்லாயிருக்கியா? தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்க எல்லாரும் சுகம். மஞ்சள் வரத்து ஆரம்பிச்சாச்சு, தூசியில இருமிக்கிட்டே எழுதறேன். காயிதத்துல மஞ்சள் ஒட்டியிருந்தா தொடச்சுட்டுப் படி, பில் புஸ்தகத்துல கிழிச்சதுதான்.

மூணு மாசமா நீ அனுப்பின எதுக்கும் பதில் போடலைன்னு என்னை என்னென்ன சொல்லி வெஞ்சிருப்பேன்னு தெரியும். பேரனுக்கு மொட்டை போட்ட போட்டோ அனுப்பினயாமா, எங்கூட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். உன்ற விலாசம் எங்க கெடச்சுதுன்னு நெனைக்கறே? பாப்பா கல்யாண மொய் நோட்டுல. வூட்டு நம்பர் வரைக்கும் எழுத வெச்சிருக்கே, பக்கத்துல 501. பந்தியில ரெண்டு தடவை உக்காந்தவன் ஐநூத்தி ஒண்ணு. சரி, அது கெடக்கட்டும்.

நான் போன் மாத்திட்டேன். சிரிக்காத. அறுபதாங் கல்யாணத்துக்குப் பையன் மெட்ராஸ்ல இருந்து ஐபோன் வாங்கிட்டு வந்தான். நாலு வருஷமா கையோட கையா இருந்த சாம்சங்கை எடுத்து ஓரமா வெச்சுட்டான். டப்பாவைத் திருப்பிப் பாத்தா இந்தியாவுல சேர்த்துக் கட்டினதுன்னு போட்டிருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்துலயே ஐபோன் செய்யறாங்களாம்ப்பா. உன் மச்சினன் இருந்தானே, 2006ல தொறந்து 2014ல மூடின நோக்கியா ஃபேக்டரி, அதே சுத்துப்பட்டுதான். நம்ம ரெண்டு பேரும் ஒரே நாள்ல வாங்கின நோக்கியா 1100 ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு போன் மாத்தறதுன்னா என்ன, சிம்மைக் கழட்டி இதுல போட்டா முடிஞ்சுது.

இப்ப அப்படியில்லை. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை மாதிரி உக்கார வெக்கணும். பழசுல ‘மூவ் டு ஐஓஎஸ்’னு ஒரு ஆப்பைப் போட்டா, புதுசு ஒரு நம்பர் குடுக்கும், அதைத் தட்டினா போட்டோ, காண்டாக்ட்டுன்னு ஒவ்வொண்ணா அங்க போவும். 2022ல இருந்து வாட்ஸப் பேச்சும் சேந்தே போவுதாம். ஆனா ஒண்ணு, புது போன் கன்னி கழியாம இருக்கோணும். மொதல் தடவை தொறக்கறப்பவே செஞ்சுக்கணும். நம்ம பையனுக்குத்தான் எல்லாத்துலயும் அவசரமாச்சே. கேக் வெட்டறப்ப புது போன்ல போட்டோ எடுக்கணும்னு, எதையும் கொண்டு வராம தொறந்துட்டான். ஞாயித்துக்கிழமை பொழுதோட ரயில் ஏறிட்டான். “கூகுள் டிரைவ்ல பேக்கப் இருக்குதேப்பா”ன்னேன். “அதை ஐபோன் படிக்காதுப்பா, இவன் ஆப்பிளோட ஐகிளவுட்காரன்”கிறான். பங்காளிச் சண்டை. இனி வேணும்னா புதுசை மொத்தமா அழிச்சுட்டு மொதல்ல இருந்து வரணும். எனக்கு நேரமும் இல்லை, தெகிரியமும் இல்லை. அப்படித்தான் உன் பேரன் மொட்டை காணாமப் போச்சு.

மத்ததெல்லாம் பழகிரும். பெருவெரல் இன்னும் அடியில பின்னால போற பட்டனைத் தேடுது. அது கெடையாது, ஓரத்துல இருந்து இழுக்கணும். பணம் அனுப்பற ஆப்பு, புது போனுன்னதும் என்னைத் திருடன் மாதிரி பாத்து, மொத நாளு அஞ்சாயிரத்துக்கு மேல தாண்ட விடலை. மூட்டை தூக்கறவங்களுக்குக் கல்லாவுல இருந்து ரொக்கமாக் குடுத்தேன். அவங்களுக்கு அதுல சந்தோசம். சார்ஜர் வயர் மட்டும் பழசே சேருது. 2023க்கு முன்னால வந்த ஐபோனா இருந்தா அதுவும் சேராதாம்.

இதுக்கா காயிதம் எழுதறேன்னு கேப்பே. இல்லை. விசயம் வேற.

மண்டி யாவாரம் உனக்குத் தெரியும். எல்லாம் வாய்ப்பேச்சு. வெரலி மஞ்சள் இந்த ரேட்டு, கெழங்கு மஞ்சள் இந்த ரேட்டு, “சரி” ஒரு வார்த்தை, லோடு ஏறிரும். நாளைக்கு “நான் அப்படிச் சொல்லவே இல்லையே”ன்னா என்ன பண்றது? சாம்சங்ல செட்டிங்ல ஒருக்கா தட்டிவிட்டாப் போதும், வர்றது போறது அத்தனை பேச்சும் தானா பதிவாகிக்கும். எதிராளிக்கு ஒரு சத்தமும் கேக்காது. கூகுள் டயலர் வர்ற மத்த போன்ல பதிவாகுதுன்னு ஒரு பொம்பளை குரல் சொல்லிரும். 2022 மே மாசம் தனி ரெக்கார்டர் ஆப்புக்கும் கூகுள்காரன் வழியை அடைச்சுட்டான். அதுக்கப்பறம் எங்க வீதியில பாதிப்பேரு சாம்சங்குக்கு மாறினதே இதுக்குத்தான். யாரும் வெளிய சொல்லிக்க மாட்டாங்க.

ஐபோன்ல 2024 கடைசி வரைக்கும் அந்த வசதியே இல்லையாம். இப்ப இருக்குது, ஆனா அமுக்கினதும் ரெண்டு பக்கமும் கேக்கற மாதிரி பதிவாகப் போவுதுன்னு அறிவிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும். தெரியாம, நிசாமாபாத் பார்ட்டிகிட்ட ரேட்டு பேசிட்டிருக்கறப்ப அமுக்கிட்டேன். குரல் வந்துச்சு. அந்தப் பக்கம் அப்படியே அமைதி. பதினேழு வருஷமா வாங்கற மனுசன். தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல, “என் மேல நம்பிக்கை போச்சா?”ன்னாரு. எனக்குக் காது ரெண்டும் சுட்டுருச்சு. கைதவறி அமுக்கிட்டேன்னு சொன்னேன். அது நெசம். ஆனா நாலு வருஷமா அந்தாளு பேசினதெல்லாம் பழைய போன்ல கெடக்குதே, அதுவும் நெசம்.

எங்கப்பாரு கருங்கல்பாளையம் சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் புடிச்சு மாட்டுக்கு வெலை பேசுவாரு, நீயும் பாத்திருக்கே. பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. சாட்சி கெடையாது, சீட்டு கெடையாது. அந்தக் கை வழியா வந்தவன் நானு.

பழைய போன் இன்னும் கல்லாவுலதான் இருக்குது. ஐபோன்ல ஒரு சிம்முதான் நொழையும், இன்னொண்ணை இ-சிம்மா மாத்தோணும், அதுக்கு அலையலை. இப்ப கடைக்காரன் பழசுக்கு ஆறாயிரம் தர்றேங்கறான். அழிச்சுட்டுக் குடுங்கப்பான்னான் பையன். போன செவ்வாக்கெழமை மண்டி சாத்தினப்பறம் உக்காந்தேன். ரெக்கார்டிங் ஃபோல்டரைத் தொறந்தா பதினோராயிரத்துச் சொச்சம். பேரும் தேதியும் போட்டு வரிசையா நிக்குது. உன் பேருல 214. ஆமாடா, உன்னுதுந்தான். வையறதானா இங்கயே வெஞ்சுக்க. நீ மேனேசரா இருந்தப்ப உங்க ரீசனல் ஆபீசரைப் பத்திப் பேசினதெல்லாம் பத்திரமா இருக்குது.

அப்படியே தள்ளிட்டு வந்தா, ‘மணி தோட்டம்’. நம்ம மணியன்தான்.

2024 மாசி. தேதியைப் பாத்ததும் தெரிஞ்சுது. மணியனும் அவன் மாமனும் சேந்து 42 மூட்டை மஞ்சள் கொண்டாந்து எறக்கியிருந்தாங்க. நான் அன்னிக்கு டெண்டர்ல குடுத்துட்டேன். அடுத்த வாரமே குவிண்டாலுக்கு 1,100 ஏறிருச்சு. முப்பதாயிரம் போச்சு. அவன் வந்து, “உன்னை யாரு குடுக்கச் சொன்னா?”ன்னான். “நீதான்டா சொன்னே, ‘குடுத்துரு’ன்னு”ன்னேன். டீக்கடையில நாலு பேரு முன்னால. நீதான பஞ்சாயத்து. “எங்கிட்ட ரெக்கார்டே இருக்குது”ன்னு நான் மேசையைத் தட்டினேன். நீயும், “ரெக்கார்டு இருக்கறப்ப என்னத்துக்குப் பேச்சு, மணி, நீதான் மறந்திருப்பே”ன்னே. அவன் டீயைக் குடிக்காம எந்திரிச்சுப் போனான். போட்டுக் காட்டுன்னு அவனும் கேக்கலை, நீயும் கேக்கலை. நானும் அதைப் போட்டுக் கேக்கலை. அன்னிக்கு அவ்வளவு நிச்சயம் எனக்கு. அதோட, போட்டா மணியன் பேச்சையே நான் பதிவு பண்ணி வெச்சிருக்கறது பேச்சாயிரும்னு உள்ளுக்குள்ள ஒரு இது.

செவ்வாக்கெழமை கேட்டேன். மொத்தம் 41 செகண்டு. நான் ரேட்டைச் சொல்றேன். அவன் பஸ்டாண்டுல நிக்கறான் போல, ஒரே சத்தம். “இல்லப்பா, குடுத்து…”ங்கறான், அங்க ஒரு பஸ்ஸு ஹாரன் அடிக்குது. நான் “செரி செரி”ங்கறேன். வெச்சுட்டேன். வெக்கறதுக்கு முன்னால அவன் குரல் இன்னும் வருது. “பொழுதோட மாமங்கிட்ட…” அவ்வளவுதான், கட்டு.

பையன் வெச்சுட்டுப் போன ஹெட்போனைப் போட்டு எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கில்லை. ஹாரனுக்கு அடியில ‘குடுத்துரு’ இல்லை மாப்ள. ‘குடுத்துரா’ வரைக்கும் வருது. ‘த’ ஹாரன்ல போயிருச்சு. குடுத்துராத. பொழுதோட மாமங்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். அதைத்தான் சொல்லியிருக்கான். மொதல்ல ‘இல்லப்பா’ன்னு வேற சொல்றான், அது ஹாரனுக்கு முன்னாலயே தெளிவா விழுது. அதுகூட எங்காதுல ஏறலை. எனக்கு டெண்டருக்கு நேரமாச்சு, நான் கேக்கணும்னு நெனச்சதைக் கேட்டுட்டேன்.

போன ஆவணியில அவன் மக கல்யாணம். எனக்குப் பத்திரிக்கை வரலை. நீ போயிட்டு வந்து, “கூப்பிடாம உட்டது அவன் தப்புதான்”னு எனக்காகப் பேசினே. அந்தப் பேச்சும் பதிவாகியிருக்குது, அதையும் கேட்டேன். நீ பேசறப்ப நான் ‘ம்… ம்…’னு கொட்டிட்டிருக்கேன். என் குரலைக் கேக்க எனக்கே சகிக்கலை.

இப்ப என்ன பண்றது, நீ சொல்லு. அந்த 41 செகண்டு பதிவை அவனுக்கு அனுப்பலாமான்னு ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன். அனுப்பினா, “ரெண்டு வருஷமா இதை வெச்சுட்டா என்னைப் பொய்யனாக்கினே?”ம்பான். கேக்காமயே வெச்சிருந்தேன்னா எவன் நம்புவான்? முப்பதாயிரத்தை ஒரு கவர்ல போட்டுக் கல்லாவுல வெச்சிருக்கேன். பணத்தை மட்டும் நீட்டினா மூஞ்சில எறிவான், அவனைத் தெரியாதா உனக்கு. போன்ல கூப்பிட்டுச் சொல்ல வாய் வரலை. உங்கிட்டயும் அப்படித்தான், அதான் இந்தக் காயிதம்.

நேர்ல போகலாம்னு இருக்கேன். வர்ற வெள்ளிக்கெழமை நீ சேலத்துல காலை ரயிலுக்கு ஏறினா ஒம்போது மணிக்குள்ள இங்க எறங்கிரலாம். டேசனுக்கு நான் வண்டியோட வர்றேன். தோட்டத்துக்கு ரெண்டு பேருமாப் போலாம். அன்னிக்கு நீயும் அவனைப் பாத்து மறந்திருப்பேன்னு சொன்னவந்தான, மறந்துராத. பழைய போனை அதுவரைக்கும் கடைக்காரனுக்குக் குடுக்க மாட்டேன். கேட்டான்னா போட்டுக் காட்டிரலாம். கேக்கலைன்னா அவன் முன்னாலயே அத்தனையும் அழிச்சுரலாம்னு நெனைக்கறேன். உன்னோட 214ஐயும் சேத்துத்தான்.

தனியாப் போக முடியாததுக்கு இன்னொரு காரணம், அவன் தோட்டத்து நாய். ரெண்டு வருஷமாச்சு, அது என்னை மறந்திருக்கும். உன்னை ஆவணியில பாத்திருக்குமில்ல?

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு.

உன்
ராசு

பி.கு.: பழைய நம்பர் கல்லாவுலதான் அடிக்கும், எப்ப வேணா கூப்பிடு. பதிவை நிறுத்திட்டேன். ரயில் நேரத்தை மட்டும் ரெண்டு தடவை சொல்லு.