பின்வரிசைக்குக் கேட்குதா?

உவர்மலை,
திருகோணமலை.
ஞாயிறு இரவு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், பேரன் கட்டிலருகே வந்து "அப்பப்பா, எழும்புங்கோ" என்று தமிழில் சொன்னதையும் வாசித்தபோது சந்தோசமாக இருந்தது. டொக்டர் படி ஏறாதே என்றால் ஏறாதே. உன் குணம் எனக்குத் தெரியும். இங்கே கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. கோட்டை மான்கள்கூட கடைவாசல்களில் நிழல் பார்த்துப் படுத்துக் கிடக்கின்றன. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது. இன்று நான் ஒரு படம் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லலாம், கேட்டேன் என்று சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பொடியன்கள் எடுத்த படம். கரைவலைத் தொழில் செய்கிற ஒரு குடும்பத்தின் கதை. அடுத்த மாதம் வெளியிடப் போகிறார்களாம், அதற்கு முன் ஊராருக்கு ஒரு சிறப்புக் காட்சி, முடிவில் இயக்குநரோடு கேள்வி பதில் என்று அழைப்பிதழ் வந்தது. பின்னேரம் நாலு மணி என்று போட்டிருந்தது. பழக்கதோசத்தில் மூன்றே முக்காலுக்கே போய்விட்டேன். கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புரொஜெக்டர் எங்கே என்று கேட்டேன். "ஓட்டோவில வந்துகொண்டிருக்கு ஐயா."

குத்துவிளக்கு ஏற்றும்போது நாலே முக்கால். மின்விசிறிக் காற்றில் திரி அணைந்து அணைந்து போனது, அதனால் விசிறியை நிறுத்தினார்கள். விளக்கு நின்று எரிந்தது, சனம் வேர்த்து ஒழுகியது. பிறகு பொன்னாடை. எண்ணிப் பார்த்தேன், ஏழு பேருக்கு. படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பிள்ளை சுவரோடு சாய்ந்து நின்றது, அதற்கு ஒன்றும் இல்லை. நிகழ்ச்சியைத் தொகுத்தவர் வாய் கூசாமல் "இலங்கையில் தமிழில் எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளப் படம்" என்று அறிவித்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் எழும்பிக் கத்தியிருப்பாய். 1962இல் வந்த 'சமுதாயம்', அடுத்த வருசம் 'தோட்டக்காரி', 1977இல் 'பொன்மணி' எல்லாம் யார் எடுத்ததாம்? 83 ஜூலைக் கலவரத்தில் சுருள் சுருளாக எரிந்தது போதாதென்று, ஞாபகத்திலிருந்தும் எடுத்துவிடுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வயசு போய்விட்டது.

படம் தொடங்கினால் மேற்குப் பக்க யன்னல்களால் வெயில் நேராகத் திரையில் விழுகிறது. திரைச்சீலை கிடையாது. இரண்டு பொடியன்கள் வாசலில் கட்டியிருந்த படத்தின் பெரிய பதாகையையே கழற்றிக்கொண்டு வந்து யன்னலை மூடினார்கள். நாயகியின் முகம் தலைகீழாகத் தொங்கியது. புரொஜெக்டரோ ஏதோ அலுவலகத்துப் பழையது. அகலப் படத்தைச் சதுரத் திரைக்குள் நெருக்கித் திணித்ததில் எல்லோரும் பனைமரம்போல நெட்டையாகிவிட்டார்கள். கோணேசர் மலைப் பாறைப் பிளவு, அந்த இராவணன் வெட்டைக் காட்டினார்கள் மச்சான், சுவரில் விழுந்த வெடிப்புப்போல இருந்தது. நடுவில் ஒரு தடவை திரையின் மூலையில் வட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்த்தது: "சூரை வாங்கவா, பாரை வாங்கவா?" அதற்குத்தான் அன்றைக்கு முதல் கைதட்டு.

இதெல்லாம் பரவாயில்லை. சத்தத்துக்கு வருகிறேன்.

முதல் காட்சி கடற்கரை. வலை இழுக்கிறார்கள். அலை கேட்கிறது, காகம் கேட்கிறது, தூரத்தில் வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டுக்கூட மெல்லக் கேட்கிறது. தாயும் மகளும் மணலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வாய் அசைகிறது, ஒரு சொல் வரவில்லை. அடுத்த காட்சியில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து சண்டை பிடிக்கிறார், அதுவும் ஊமைச் சண்டை. இது ஏதோ கலைப்படப் பாணியாக்கும் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக இருந்தோம். எவ்வளவு நேரம் தெரியுமா? இருபத்தைந்து நிமிசம்! எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "மௌனத்தைப் பேசவிட்டிருக்கிறார்" என்று விளக்கம்கூடச் சொன்னார்.

கலியாண வீடுகளுக்கு சவுண்ட்ஸ் போடுகிற ஒரு பொடியன்தான் கடைசியில் பொறுக்க முடியாமல் எழும்பிப் போனான். அவன் பிறகு எனக்கு விளங்கப்படுத்தியது இதுதான். படத்தின் ஒலி ஆறு தடங்களில் பதிந்திருக்கிறது. கடல், காற்று, இசை எல்லாம் இடமும் வலமும் வரும், பேச்சு நடுத் தடத்தில் வரும். மண்டபத்தில் இருந்தது இரண்டே ஸ்பீக்கர். லப்டொப் இடத்தையும் வலத்தையும் மட்டும் அனுப்பிவிட்டு நடுவை விழுங்கிவிட்டது. ஸ்டீரியோவுக்கு மாற்றிவிட்டான், இரண்டு நிமிச வேலை. சட்டென்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். அந்த நேரம்தான் இயக்குநரும் ஓடி வந்தார். அவ்வளவு நேரமும் அவரை விருந்தினர் அறையில் பிரமுகர்களோடு உட்காரவைத்து பற்றிஸும் பிளேன்டீயும் கொடுத்திருக்கிறார்கள், பாவம். முதலில் இருந்து போடச் சொல்லிச் சனம் கேட்டது. எட்டு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும், முடியாது என்றுவிட்டார்கள்.

எனக்கு அந்த நேரம் நீதான் ஞாபகம் வந்தாய். 79இல் பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி நாம் படம் காட்டினோமே. மெசினின் கடகட சத்தம் உள்ளே வரக்கூடாது என்று விறாந்தையில் வைத்து யன்னலால் ஓட்டினாய். முதல்நாள் இரவே வந்து, என்னைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு, "பின்வரிசைக்குக் கேட்குதா?" என்று கத்துவாய். நான் கையை உயர்த்தினால்தான் வீட்டுக்குப் போக விடுவாய். ஏழு பொன்னாடை வாங்க நேரம் இருந்தவர்களுக்குச் சத்தத்தைச் சரிபார்க்க ஒரு அரை மணித்தியாலம் கிடைக்கவில்லை.

மற்றபடி படம் நல்ல படம். அதுதான் வயிற்றெரிச்சல். வலையின் மடி கரைக்கு வந்து அவிழ்க்கிறபோது உள்ளே கொஞ்சம் நெத்தலியும் நிறையச் சாதாழைக் கடற்பாசியும் கிடக்க, இழுத்தவர்கள் ஒருவரையொருவர் பாராமல் கயிற்றைச் சுருட்டுகிற காட்சி ஒன்று உண்டு. அதை எடுத்தவனுக்குக் கடற்கரை தெரியும்.

கேள்வி பதிலுக்கு மிஞ்சியது கால் மணித்தியாலம். முதலில் மைக்கைப் பிடித்தவர் சொந்தக் கவிதை வாசித்தார். இரண்டாமவர் கேள்வி கேட்பதாகச் சொல்லித் தன் புத்தக வெளியீட்டுக்கு எல்லோரையும் அழைத்தார். அப்புறம் மைக்கும் செத்துவிட்டது. பிரமுகர்கள் எழும்பிப் போக, நானும் வாசல்வரை வந்துவிட்டேன்.

அப்போதுதான் திருக்கடலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயசிருக்கும், எழும்பி நின்றார். "தம்பி, துவக்கத்தில அந்தத் தாய் மகளிட்ட என்ன சொன்னவ? எங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல. அதைச் சொல்லிப்போட்டு விடுங்கோ."

இயக்குநர் ஒரு நிமிசம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடையை விட்டு இறங்கி, அந்த இருபத்தைந்து நிமிசத்தையும் சொல்லத் தொடங்கினார். தாய் சொன்னது, மகள் சொன்னது, சம்மாட்டி ஏசினது எல்லாவற்றையும், குரலை மாற்றாமல், பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. புகுந்த வீட்டுக்கு வலைக்கயிறு நனைந்த மணம் வராது, அதனால் ஆரம்பத்தில் உனக்கு விடிந்த மாதிரியே இருக்காது என்று தாய் மகளுக்குச் சொல்கிறாள். வாசலுக்கு வந்தவர்கள் திரும்பி உள்ளே போனார்கள். காவலாளி எட்டு மணிக்குப் பெரிய விளக்குகளை அணைத்தார், ஆனால் கதவைப் பூட்டாமல் அவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் கடைசி வரிசையில் போய் இருந்தேன். மைக் இல்லை, விசிறி இல்லை, ஒவ்வொரு சொல்லும் வந்து சேர்ந்தது. என்னை அறியாமலே என் கை மேலே போய்விட்டது.

அவர் பேச்சை நிறுத்தி, "பின்னுக்கு ஐயா ஒருத்தர் கேள்வி கேட்கிறார்" என்றார்.

அன்புடன்,
உன் கடைசி வாங்குக்காரன்