இலக்கத்தையாவது எழுது, பிள்ளை

அன்பின் மகளுக்கு,

அம்மா எழுதுறன். இங்க எல்லாரும் சுகம். உன்ர சுகத்துக்கு வற்றாப்பளை அம்மனை வேண்டுறன். நெல்லு வெட்டியாச்சு, மற்றப் புதினம் பிறகு.

பொங்கலுக்குக் கதைக்கேக்க, வேலை செய்யிற மரபணுச் சோதனைக் கொம்பனியில என்ர துப்பலையும் குடுத்திருக்கிறன் எண்டு சொன்னனி. அதுக்குப் பிறகு எடுத்தால் பனி, வேலை, நேரமில்லை எண்டு வைச்சிடுறாய். ஊர் உலகத்துக்குச் சொந்தம் தேடிக் குடுக்கிற பிள்ளைக்கு அம்மாவோட கதைக்க நேரமில்லை.

உன்ர வேலையைக் கேட்டுச் சனம் வீட்டுக்கு வருது. பெருமையாத்தான் இருக்கு. ஆனா கொக்குத்தொடுவாயில 2023இல தண்ணிக் குழாய்க்கு வெட்டேக்க எலும்புகள் வந்ததில இருந்து எல்லாற்றை கேள்வியும் ஒண்டுதான், அது காணாமற்போன எங்கட ஆக்களின்ர எலும்போ எண்டு உன்ர மகளாலை பாக்கேலுமோ எண்டு. உங்கட கொம்பனி எலும்பு எடுக்காது, துப்பலும் கன்னத்துச் சுரண்டலும்தான் எண்டு சொல்லிறன். எலும்புக்கு எஸ்.ரி.ஆர். எண்டு மரபணுவில திரும்பத் திரும்ப வாற துண்டுகளை எண்ணுறது, நீங்கள் பாக்கிறது வேற லட்சக்கணக்கான புள்ளியள். அதையும் இதையும் பக்கத்தில வைச்சு ஒப்பிடேலாது. தாய் தகப்பன் இருக்கேக்கையே மாதிரி குடுத்து வைக்கவேணும் எண்டும் சொல்லிறன். கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில 2017 மாசியில இருந்து காணாமற்போன பிள்ளையளைக் கேட்டுக் குந்தியிருந்த தாய்மாரில எத்தினை பேர் கண்ணை மூடிட்டினம். நீ இந்தச் சனத்துக்கு ஒண்டும் வாக்குக் குடுத்துப்போடாதை.

உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. எண்டாலும் எங்கட வீட்டுக் கணக்கை அந்தக் கணினிக்குத் தெரியாது. ரெண்டு பேருக்குப் பொதுவான மரபணுவை அளக்கிற சென்டிமோர்கன் கணக்கில தாய் பிள்ளைக்கு 3400 அளவில, கூடப்பிறந்த ஆக்களுக்கு 2600 அளவில வரும் எண்டு நீதான் சொன்னனி. 1700 எண்டு வந்தா, ஒண்டில் தாய் வேற, இல்லாட்டித் தகப்பன் வேற எண்டு அது எழுதும். நம்பாதை. மாமாவையள் செய்தது மாத்துச் சம்பந்தம், பெண் குடுத்துப் பெண் எடுத்தது, அந்தப் பிள்ளையளும் அந்த இலக்கத்திலதான் நிப்பினம். நானும் அப்பாவும் மச்சான் மச்சாள், அதாலயும் எல்லாம் கூடுதலாக் காட்டும். இலக்கத்தைப் பாத்து முடிவெடுக்காமல் ஜெட்மட்ச் எண்ட ஒப்பிடுற இணையத்தளத்தில ஏத்தி அந்த நிறக் கோட்டைப் பார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்ததுகள் எண்டா, காற்பங்கு இடத்தில தாய்ப் பக்கம் தகப்பன் பக்கம் ரெண்டும் பொருந்திப் பச்சை முறியாமல் ஓடும். மாத்துச் சம்பந்தத்துக்குப் பதினாறில ஒரு பங்கு மட்டில்தான். 7 சென்டிமோர்கனுக்குக் கீழ்ப்பட்ட துண்டுகளைத் தூக்கி எறி, அதைப் பாத்தால் முள்ளியவளையில கண்டவன் நிண்டவன் எல்லாம் சொந்தம்.

கொம்பனி காட்டுற சொந்தக்காரர் பட்டியலில ஒரு ஆள் இல்லாட்டி அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. துப்பாதவன் பட்டியலில வரமாட்டான். துப்பினாலும் பொருத்தம் காட்டுறதை நிப்பாட்டி வைச்சிருந்தால் வரமாட்டான். வேற கொம்பனியில குடுத்திருந்தால் உங்கட கொம்பனிக்குத் தெரியாது, அதால உன்ர மூலக் கோப்பை இறக்கி, ஏத்தக்கூடிய இடமெல்லாம் ஏத்து. வன்னியால வெளிக்கிட்ட சனத்தில எத்தினை பேர் இதுக்குக் காசு கட்டியிருப்பினம்? இதை நான் வாறவைக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாப் போச்சு.

காணாமற்போன எங்கட பெரியவனுக்கு மாசியில அருச்சினை செய்தனான். ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டவர். உயிரோட இருக்கிற ஆளுக்குத்தான் எண்டு சொல்லிச் செய்வித்தனான்.

ஆருக்கு என்ன முடிவு வந்தாலும் ஈமெயிலில அனுப்பிப்போட்டு இராதை. எடுத்துக் கதை, பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு கேட்டுப்போட்டுச் சொல்லு. எனக்கு மட்டும் அப்பிடித் தேவையில்லை. உன்ர பட்டியலின்ர முதல் வரியில நிக்கிற இலக்கத்தை வட்சப்பில போட்டாக் காணும். பேர் வேண்டாம். ஒருத்தரும் இல்லை எண்டா, மேல சொன்னது எனக்குத் தெரியும்தானே.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: ஆரும் வந்தா ரெண்டு சோதனைக் கிட் குடுத்துவிடு, எனக்கும் அம்மம்மாவுக்கும். துப்புற குழாய் வேண்டாம், பஞ்சுக் குச்சி. அவவுக்கு வாய் காய்ஞ்சு போச்சு, நுரை இல்லாமல் குழாயில கோடு வரைக்கும் துப்ப மாட்டா. விடிய வெத்திலை போடமுதல் வாய் கொப்பளிக்கப் பண்ணி, அரை மணித்தியாலம் விட்டு நானே சுரண்டி எடுப்பன். பொருத்தம் காட்டுறதுக்கு ஓம் எண்டு போடு, ரெண்டுக்கும்.